மின்ட் போட்ட பிறகு வைஃபை வரியே காணவில்லை: டாங்கிள் வாங்கணுமா, மறுபடி நிறுவணுமா?

தக்கலை_புதியவர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய மடிக்கணினி ஒன்றில் விண்டோஸை முழுசா எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் 21.3, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டிருக்கிறேன். நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், புதிதாக மாட்டிய 240 ஜிபி எஸ்எஸ்டி. ஒலி, திரை வெளிச்சம், பிரிண்டர் எல்லாம் தானாகவே வந்துவிட்டது. வைஃபை மட்டும் இல்லை.

கீழே வலது மூலையில் நெட்வொர்க் குறியை அழுத்தினால் வயர் இணைப்புக்கான வரிதான் இருக்கிறது. வைஃபை என்று ஒரு வரியே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெயர்கள்கூட வரவில்லை. விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. இதே கணினியில் போன வாரம் வரை விண்டோஸில் வைஃபை ஓடியது.

வீட்டில் ஃபைபர் இணைப்பு. அதன் ரவுட்டர் பெட்டி முன்னறையில் இருக்கிறது. கணினி வைக்கும் அறை அடுக்களைக்கு அடுத்து, நடுவில் இரண்டு கருங்கல் சுவர். பழைய வீடு. லேன் வயரை அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. கடையில் கேட்டதற்கு, லினக்ஸுக்கு டிரைவர் கிடைக்காது, விண்டோஸே போடுங்கள் என்கிறார்கள்.

மறுபடி நிறுவினால் சரியாகுமா? இல்லை, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி டாங்கிள் (துளையில் குத்தும் குட்டி வைஃபை கருவி) ஒன்று வாங்கிவிடலாமா? டெர்மினல் (கட்டளை தட்டும் திரை) பழக்கமில்லை. படிப்படியாகச் சொன்னால் செய்துவிடுவேன்.

—

குழித்துறை_ஆத்தங்கரை:

மறுபடி நிறுவாண்டாம். டாங்கிளும் இப்போதைக்கு வாங்காண்டாம். வைஃபை வரியே வரலேன்னா கர்னலுக்கு (லினக்ஸோட உள்மையம்) அந்த கார்டை ஓட்டத் தெரியலே, இல்லேன்னா கார்டு அணைஞ்சு கிடக்கு. எத்தனை தடவை நிறுவினாலும் அதே கர்னல்தான் வரும், அதே நிலைமைதான்.

முதல் வேலை, கணினிக்கு வேறு வழியில் நெட் கொடுக்கணும். டிரைவரை இறக்கவே நெட் வேணுமே, அதுதான் எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிற இடம். ஆண்ட்ராய்டு போன் இருந்தா போதும். போனை வீட்டு வைஃபையிலேயே வெச்சுக்கிடுங்க, மொபைல் டேட்டாவை அணைச்சிடுங்க. யூஎஸ்பி வயரால் கணினியில் குத்துங்க. போனில் செட்டிங்ஸ், அதில் ஹாட்ஸ்பாட் மற்றும் டெதரிங், அதில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்க. அஞ்சு பத்து வினாடியில் கணினியில் வயர் இணைப்பு வந்ததா காட்டும். லினக்ஸ் அந்தப் போனை ஒரு லேன் கார்டாவே எடுத்துக்கும், அதுக்குத் தனியா டிரைவர் எதுவும் போட வேண்டியதில்லை. போன் வைஃபையில் வாங்குற நெட் அப்படியே வயர் வழியா கணினிக்குப் போகும், டேட்டா செலவாகாது.

டெதரிங் பொத்தான் மங்கலா அழுத்த முடியாம இருந்தா வயரைச் சந்தேகப்படுங்க. சில வயருக்குள்ளே சார்ஜ் ஏத்துற ரெண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போனோட பெட்டியில் வந்த வயரை எடுங்க. வயரை ஒரு தடவை உருவிட்டா டெதரிங் அணைஞ்சிடும், மறுபடி ஆன் பண்ணணும்.

அடுத்து, உள்ளே இருக்கிறது என்ன கார்டுன்னு பார்க்கணும். கணினி கம்பெனி பேரை வெச்சு இதைச் சொல்ல முடியாது. ஒரே மாடலில்கூட மூணு விதமான கார்டு வரும். அரசு கொடுத்த மடிக்கணினிகளும் அப்படித்தான், வருஷத்துக்கு வருஷம் மாறும். கண்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேர்த்து அழுத்தினா டெர்மினல் திறக்கும். இனி நான் எழுதுற கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிப்படி இருக்கும். நீங்க ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டணும். சிறுகோடுன்னு சொன்னா கழித்தல் குறி.

எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, சிறுகோடு என்என்கே

எழுத்தெழுத்தா: எல், எஸ், பி, சி, ஐ. சதுர அடைப்புக்குள்ளே நாலு எழுத்து, முக்காற்புள்ளி, மறுபடி நாலு எழுத்துன்னு வரும். அதுதான் கார்டோட உண்மையான அடையாளம். நீளமா ஓடும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வர்ற வரியையும் அதுக்குக் கீழே உள்ள மூணு வரியையும் இங்கே போடுங்க. ஈதர்நெட் கன்ட்ரோலர்னு இருக்கிறது லேன், அது வேண்டாம். டெர்மினலில் காப்பி பண்ண கண்ட்ரோல், ஷிஃப்ட், சி. ஷிஃப்டை விட்டுட்டா காப்பி ஆகாது, ஓடிக்கிட்டிருக்கிற கட்டளை நின்னு போகும்.

கூடவே இதையும் தட்டிப் பாருங்க:

ஆர்எஃப்கில் லிஸ்ட்

அதில் சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு ரெண்டுக்கும் நேரே எஸ் அல்லது நோ வரும். சாஃப்ட் மட்டும் எஸ்னா "ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்" போட்டாப் போதும். ஹார்டு எஸ்னா அது விசைப்பலகைப் பொத்தான் இல்லேன்னா பக்கவாட்டுச் சுவிட்ச், கட்டளையால் திறக்காது. வைஃபை பேரே அந்தப் பட்டியலில் இல்லேன்னா பிரச்சினை டிரைவரில்.

—

தக்கலை_புதியவர்:

நன்றி அண்ணாச்சி. போன் வயரில் நெட் வந்துவிட்டது. முதலில் குத்திய வயரில் பொத்தான் மங்கலாகத்தான் இருந்தது, வேறு வயர் மாற்றியதும் சரி.

வந்த வரிகள்: நெட்வொர்க் கன்ட்ரோலர், பிராட்காம் பிசிஎம்43142, 802.11 பி/ஜி/என். சதுர அடைப்பில் 14ஈ4:4365. கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற இடத்தில் பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ், "கெர்னல் மாட்யூல்ஸ்" என்ற இடத்தில் பிசிஎம்ஏ.

ஆர்எஃப்கில் பட்டியலில் வைஃபை இல்லை. டிரைவர் ஓடுகிறது என்றுதானே அந்த வரி சொல்கிறது, பிறகு ஏன் வைஃபை இல்லை?

—

வடசேரி_சந்தைரோடு:

அந்த வரியைப் பார்த்துத்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பிசிஎம்ஏ என்பது வைஃபை டிரைவர் இல்லை. பிராட்காம் சில்லுக்குள் பல உறுப்புகள் ஒரு உள்பாதையில் கோத்திருக்கும். அந்தப் பாதையின் வாசலைத் திறந்துவிடும் வேலை மட்டும்தான் பிசிஎம்ஏவுக்கு. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே வேலை செய்ய ஆள் இல்லை. உங்கள் நிலை அதுதான்.

பிராட்காமுக்கு லினக்ஸில் மூன்று டிரைவர்கள் பேசப்படும். பி43, பிஆர்சிஎம்எஸ்மேக் இரண்டும் திறந்த மூலம். இரண்டும் 43142ஐ ஓட்டாது. மூன்றாவது டபிள்யூஎல், பிராட்காமே தந்தது. அதன் நடுப்பகுதி மூடிய கோப்பாகத்தான் வருகிறது. அதனால்தான் கர்னலோடு சேர்த்துக் கொடுப்பதில்லை, தனியாகப் போடவேண்டியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது டபிள்யூஎல் மட்டுமே. இணையத்தில் பழைய குறிப்புகளைப் பார்த்து பி43 ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றும் மென்பொருள்) பொதியைப் போடாதீர்கள். அது 43142க்கு உதவாது.

மின்ட் மெனுவில் டிரைவர் மேனேஜர் இருக்கிறது, அதிலேயே பிராட்காம் டிரைவர் காட்டும், தேர்ந்தெடுத்து அப்ளை செய்தால் போதும். ஆனால் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) ஆன் ஆக இருந்தால் டெர்மினலில் போடுவதையே நான் சொல்வேன். இடையில் வரும் கடவுச்சொல் கேள்வி கண்முன்னே வரும். முதலில் நிலையைப் பாருங்கள்:

மோக்யுடில், இடைவெளி, இரண்டு சிறுகோடு, எஸ்பி, சிறுகோடு, ஸ்டேட்

எழுத்து: எம், ஓ, கே, யு, டி, ஐ, எல். எனேபிள்டு என்றால் ஆன். பிறகு:

சுடோ ஆப்ட் அப்டேட்

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்

கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, நட்சத்திரம்கூட வராமல் இருக்கலாம். தட்டி என்டர் அழுத்துங்கள். முதல் கட்டளையிலேயே "நாட் வேலிட் எட்" என்று பிழை வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மடிக்கணினியில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோய் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

ஹெடர்ஸ் பொதியை (கர்னலின் அமைப்பைச் சொல்லும் கோப்புகள்) ஏன் சேர்த்துப் போடச் சொல்கிறேன் என்றால், இந்த டிரைவர் உங்கள் கணினியிலேயே, உங்கள் கர்னலுக்கு ஏற்றபடி தொகுக்கப்படுகிறது. டிகேஎம்எஸ் என்ற கருவி அதைச் செய்யும். ஹெடர்ஸ் இல்லாவிட்டால் அதற்கு அளவு எடுக்க அச்சு இல்லை. ஐ3 கணினியில் இரண்டு மூன்று நிமிஷம் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். மூடிவிடாதீர்கள்.

செக்யூர் பூட் ஆன் என்றால் நடுவில் ஒரு பெட்டி வந்து புதுக் கடவுச்சொல் கேட்கும். 8 எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். எளிய ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும், குறிகள் வேண்டாம். அடுத்த படியில் வரும் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பில்தான் படிக்கும். டேப் அழுத்தி ஓகேக்குப் போய் என்டர். அந்தச் சொல் ஒரே ஒருமுறை, அடுத்த தடவை கணினி தொடங்கும்போது தேவைப்படும். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரீஸ்டார்ட். இந்த இடத்தில் எழுந்து போகாமல் திரைக்கு முன்னாலேயே இருங்கள். மின்ட் சின்னம் வருவதற்கு முன்பே நீலத் திரை ஒன்று வந்து ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும். பத்து வினாடி காத்திருக்கும். அழுத்தாவிட்டால் கணினி சாதாரணமாகத் தொடங்கிவிடும், டிரைவரின் கையொப்பத்தை ஏற்கும்படி வைத்த வேண்டுகோளும் போய்விடும். அழுத்தினால் பட்டியல் வரும். முதல் வரி "கன்டினியூ பூட்". அவசரத்தில் பலர் அதிலேயே என்டர் தட்டிவிடுகிறார்கள். அப்படியும் வேண்டுகோள் போய்விடும். கீழ் அம்பை ஒருமுறை அழுத்தி "என்ரோல் மோக்" என்பதில் என்டர். அடுத்து "கன்டினியூ", அடுத்து "எஸ்", பிறகு தாளில் எழுதிய கடவுச்சொல். கடைசியில் "ரீபூட்".

தவறவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மின்ட் தொடங்கிய பிறகு "சுடோ மோட்ப்ரோப் டபிள்யூஎல்" போட்டால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வரும். டிரைவர் இருக்கிறது, கையொப்பத்தை ஏற்கவில்லை என்று பொருள். "சுடோ மோக்யுடில்", இடைவெளி, இரண்டு சிறுகோடு, "இம்போர்ட்", இடைவெளி, பிறகு /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/மோக்.டெர் என்ற பாதையைக் கொடுங்கள். கடைசிக் கோப்பின் பெயரில் மோக் மட்டும் பெரிய எழுத்து. புதுக் கடவுச்சொல் கேட்கும். மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி நீலத் திரை.

பயாஸில் (கணினி தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) போய் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டாலும் வைஃபை வந்துவிடும். பலர் அதைத்தான் முதலில் சொல்வார்கள். பத்து நிமிஷ வேலைக்காக ஒரு பாதுகாப்பை நிரந்தரமாக எடுத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு தடவை முயன்றும் நீலத் திரையே வராத பழைய கணினிக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

—

குளச்சல்_துறை:

பிராட்காம் வழி சரிதான். ஆனாலும் டாங்கிளைப் பற்றிக் கேட்டாரே, அதற்கும் பதில் வேண்டும். இங்கே படிக்கிற பலர் அவசரப்பட்டு எதையோ வாங்கிவிடுகிறார்கள்.

டாங்கிளில் பார்க்க வேண்டியது கம்பெனிப் பெயரோ வேகமோ அல்ல, உள்ளே இருக்கும் சில்லு. பெட்டியில் அது எழுதியிருக்காது. எம்டி7601யூ என்றால் குத்தியதும் ஓடும், கர்னல் 4.2 முதலே உள்ளே இருக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், மலிவு. ஏஆர்9271 பழைய சில்லு, அதுவும் 2.4 மட்டும், ஆனால் டிரைவரும் ஃபர்ம்வேரும் திறந்த மூலம், மிக நம்பிக்கையானது. 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டும் என்றால் எம்டி7612யூ. இந்த மூன்றில் எதுவானாலும் மின்ட் 21.3இல் ஒரு கட்டளையும் தட்ட வேண்டியதில்லை.

ரியல்டெக் 8811சியூ, 8821சியூ வகை டாங்கிள்கள் கடைகளில் நிறைய. கர்னல் 6.2க்கு முன்பு இவற்றுக்கு உள்ளே டிரைவர் கிடையாது. மின்ட் 21.3இன் வழக்கமான கர்னல் 5.15. அதாவது, பிராட்காமுக்குப் படும் அதே பாட்டை டாங்கிளுக்கும் காசு கொடுத்துப் படுவீர்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே மாடல் எண்ணில் சில்லு மாறுவது. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் இதற்குப் பேர்போனது. முதல் பதிப்பில் ஏஆர்9271. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் 8188. இரண்டும் பார்வைக்கு ஒன்று. பின்புறச் சீட்டில் பதிப்பு எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

குத்தியதும் வைஃபைக்குப் பதில் சிடி டிரைவ் ஒன்று தெரிந்தால் டாங்கிள் கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளே சிடி போல வைத்திருக்கும் வகை அது. ஃபைல் மேனேஜரில் அந்தச் சிடியை வலது சொடுக்கி இஜெக்ட் கொடுத்தால் பெரும்பாலும் வைஃபையாக மாறிவிடும்.

எங்களைப் போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாங்கிளை மாசக்கணக்கில் துளையிலேயே விட்டுவைக்காதீர்கள். உப்புக் காற்றில் தொடுமுனைகளில் பச்சை படிந்து, இணைப்பு வந்து வந்து போகும். டிரைவர் கோளாறு என்று நினைத்துக் கணினியைப் புரட்டுவோம். முனையை அழிப்பானால் தேய்த்தாலே சரியாகும்.

—

அருமனை_ரப்பர்தோட்டம்:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கணும். எனக்கு வைஃபை வருகிறது, ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் மூன்றடிக்குள் உட்கார்ந்தால்தான். அடுத்த அறைக்குப் போனால் ஒரு கோடுகூட இல்லை. போனுக்கு அங்கே முழுக் கோடும் காட்டுகிறது. கார்டு ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஈ.

—

குழித்துறை_ஆத்தங்கரை:

இது ஆன்டெனா கதை தம்பி. அந்த கார்டில் ஆன்டெனா மாட்ட ரெண்டு குமிழ் உண்டு. சில மடிக்கணினியில் காசு மிச்சம் பிடிக்க ஒரு ஆன்டெனா வயர்தான் போட்டிருப்பாங்க. டிரைவர் எந்தக் குமிழ்னு தப்பா எடுத்துக்கிட்டு, வயரே இல்லாத குமிழ் வழியா கேட்டுக்கிட்டு இருக்கும். மூணடி தாண்டினா காது கேக்காதது அதனாலதான்.

சுடோ நேனோ /இடிசி/மோட்ப்ரோப்.டி/ஆர்டிஎல்8723பிஈ.கான்ஃப்

திறக்கிற வெறும் பக்கத்தில் ஒரே வரி:

ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஈ ஏஎன்டி_எஸ்ஈஎல்=2

எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. நடுவில் வர்றது அடிக்கோடு, சிறுகோடு இல்லே. சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடாண்டாம். கண்ட்ரோல் ஓ, என்டர், கண்ட்ரோல் எக்ஸ். ரீஸ்டார்ட் பண்ணுங்க. 2 வெச்சு மாற்றம் இல்லேன்னா 1 வெச்சுப் பாருங்க. ரெண்டிலும் ஒண்ணும் நடக்கலேன்னா அடிமூடியைத் திறந்து ஆன்டெனா வயர் கழண்டு கிடக்கான்னு பார்க்கணும். ராம் மாத்தும்போது கை பட்டு அந்தக் குட்டிக் குமிழ் கழண்டு போறது ரொம்ப சகஜம். நேர் மேலே வெச்சு விரலால் அழுத்தினா டிக்னு உக்காரும்.

—

தக்கலை_புதியவர்:

வைஃபை வந்துவிட்டது! நீலத் திரையை முதல் தடவை தவறவிட்டேன். வடசேரி அண்ணன் சொன்னபடி இம்போர்ட் செய்து இரண்டாம் தடவை பிடித்தேன்.

இப்போது வேறு மூன்று தொல்லை. எங்கள் பெட்டி இரண்டு பெயர் காட்டும், போனில் இரண்டும் தெரிகிறது, கணினியில் ஒன்றுதான். அந்த ஒன்றிலும் சரியான கடவுச்சொல் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது, பத்து தடவையில் ஒரு தடவை சேருகிறது. சேர்ந்த பிறகும் அடுக்களைப் பக்க அறையில் கால் மணிக்கு ஒருமுறை அறுந்துவிடுகிறது.

—

வடசேரி_சந்தைரோடு:

முதல் தொல்லை, தொல்லையே இல்லை. 43142 சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கும். தெரியாத பெயர் உங்கள் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸ். எந்த டிரைவர் போட்டாலும் அது வராது.

கடவுச்சொல்லைத் திரும்பக் கேட்பது பெட்டியின் பாதுகாப்பு முறையால் இருக்கும். டபிள்யூஎல் டிரைவருக்கு டபிள்யூபிஏ3 தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையில் வைத்திருந்தாலும் தடுமாறும். சேர முடியாத காரணத்தைச் சொல்லத் தெரியாமல், கடவுச்சொல் தப்பு என்பது போலக் கணினி மறுபடி கேட்கும். பிரவுசரில் 192.168.1.1 போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் முகவரியும் நுழைவுச் சொல்லும் இருக்கும். வைஃபை பகுதியில் 2.4க்கு மட்டும் இப்படி மாற்றுங்கள்: பாதுகாப்பு டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, குறியாக்கம் ஏஇஎஸ், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1 அல்லது 6 அல்லது 11.

சேனலை ஆட்டோவில் விட்டால் பெட்டி தன் விருப்பத்துக்கு 12, 13 என்று போய் உட்காரும். நம் நாட்டில் 13 வரை அனுமதி உண்டு. ஆனால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று கார்டுக்குத் தெரியாவிட்டால் அந்த இரண்டையும் ஒதுக்கிவிடக்கூடும். அப்போது பெயர் ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது. 1, 6, 11 சொல்வதற்குக் காரணம், சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 20 அகலம். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. பக்கத்து வீடுகளில் எது நெரிசல் என்பதை இது காட்டும்:

என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்

சான் என்ற பத்தியில் சேனல், சிக்னல் பத்தியில் 100க்கு எத்தனை. உங்கள் அறையில் உட்கார்ந்து பாருங்கள். 60க்கு மேல் என்றால் கவலையில்லை. 30, 35 என்று இறங்கினால் டிரைவரில் எதை மாற்றியும் பயனில்லை. ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் இரண்டைத் தாண்டி வரவேண்டிய அலை அது. அலை சுவரைவிட வாசல் வழியாக நன்றாக வரும். பெட்டியை முன்னறையின் மூலையிலிருந்து நடைக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேல் மாற்றினாலே பத்துப் பதினைந்து கூடும். மஞ்சள் ஃபைபர் வயரை இழுத்து மடக்க வேண்டாம். கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்து இணைப்பே போகும், இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டே செய்யுங்கள்.

கால் மணிக்கு ஒருமுறை அறுவதற்குப் பவர் சேவிங் காரணமாக இருக்கலாம். உங்கள் இணைப்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு:

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை "உங்கள் வைஃபை பெயர்" வைஃபை.பவர்சேவ் 2

இங்கே 2 என்றால் சிக்கனம் வேண்டாம், 3 என்றால் வேண்டும். பிறகு வைஃபையை ஒருமுறை துண்டித்துச் சேருங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அடுக்களையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அது ஓடும் நேரத்தோடு அறுவது ஒத்துப்போகிறதா என்றும் கவனியுங்கள், அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான்.

—

குளச்சல்_துறை:

இத்தனையும் செய்தும் அந்த அறையில் 30 தாண்டவில்லை என்றால் பழைய ரவுட்டர் ஒன்றை அந்த அறையில் வைப்பதே வழி. வீட்டுக்குள்ளே வழியில்லை என்றால் கேட்6 வயரை வெளிச்சுவர் வழியாகக் கூரை ஓரமாகக் கொண்டுவரலாம். 100 மீட்டர் வரை தாங்கும். வெளியே போவதால் குழாய்க்குள் விடுங்கள், இடி மின்னல் நேரத்தில் இரு முனையையும் உருவிவிடுங்கள். பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலை) அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, வயரை அதன் லேன் துளையில் குத்துங்கள். வேன் (வெளி இணைப்பு) துளையில் அல்ல. வேனில் குத்தினால் வீட்டுக்குள் இன்னொரு வலை உருவாகி, பிரிண்டர் ஒரு பக்கமும் கணினி இன்னொரு பக்கமும் நிற்கும்.

மழைக்காலத்தில் வைஃபை முழுக் கோடு காட்டியும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் கணினியைத் தொடாதீர்கள். ஃபைபர் பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் வெளியே எங்கோ மட்டையோ கிளையோ விழுந்து கேபிள் அறுந்திருக்கிறது.

—

தக்கலை_புதியவர்:

2.4க்கு டபிள்யூபிஏ2, சேனல் 6, அகலம் 20 வைத்தேன். கடவுச்சொல் கேட்பது நின்றுவிட்டது. பெட்டியை நடைக்கு நேராக மாற்றித் தந்தார்கள், அறையில் சிக்னல் 38இல் இருந்து 57. பவர்சேவ் 2 போட்டபின் நேற்று மாலை முதல் ஒருதரம்கூட அறவில்லை.

அப்டேட் மேனேஜர் புது கர்னல் இருக்கிறது என்கிறது. போடலாமா?

—

வடசேரி_சந்தைரோடு:

5.15 வரிசைக்குள்ளே வரும் புதுப்பிப்பு என்றால் தயங்காமல் போடுங்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வரும். ஹெடர்ஸ் பொதி ஏற்கெனவே இருப்பதால் டிரைவர் தானாகத் தொகுத்துக்கொள்ளும். 6 என்று தொடங்கும் கர்னலுக்குத் தேவையில்லாமல் தாவ வேண்டாம். டபிள்யூஎல்லின் மூலம் 2015ஆம் ஆண்டுக் காலத்தது. கர்னல் மாற மாற அதற்கு ஒட்டுப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள், ஒட்டு வருவதற்குள் நீங்கள் தாவினால் தொகுப்பு பாதியில் நிற்கும்.

புதுப்பித்த மறுநாள் வைஃபை வரி மறைந்தால், கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டி கிரப் பட்டியலைக் கொண்டுவந்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை அதில் அப்படியே இருக்கும். அங்கிருந்து "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" போட்டு வரும் வரியை இங்கே போடுங்கள். புதுக் கர்னல் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்டு என்று இல்லாவிட்டால் அங்கேதான் தடங்கல்.